நாப்பத்தொண்ணாம் நம்பர் டப்பா

பையை மேல வைக்க வேண்டாமுங்க, மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லீங்க. ஒரு வேட்டி, ஒரு துண்டு, அப்பறம் நாலு அட்டைப்பொட்டி. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. சன்னலோரம் கெடைச்சிருக்குது, கோயமுத்தூரு வரைக்கும் காத்து வாங்கிட்டே வரலாம்.

நீங்களும் காந்திபுரந்தானுங்களா? நானும் அங்கதான் எறங்கோணும். என்ற மச்சான் ஆசுபத்திரியில இருக்கறாரு. சம்சாரத்தோட கூடப்பொறந்த அண்ணன், சென்னியப்பன்னு பேரு. பத்து நாளைக்கு முன்னால தோட்டத்துல மோட்டாரு போடப் போனவரு நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு. ஸ்டென்ட் வெச்சிருக்கறாங்க. இன்னொரு அடைப்பும் இருக்குதாமா. அது சின்னது, மாத்திரையிலயே பாத்துக்கலாம்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. அந்த மாத்திரையைத்தான் அவரு முழுங்க மாட்டேங்கறாரு.

ஏன் முழுங்க மாட்டேங்கறாருன்னு கேட்டீங்கன்னா, அதுக்குக் காரணம் உங்க பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குது. நாந்தானுங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். அவருகிட்ட ஒரு விசயத்தைச் சொல்றதுக்குத்தான் போயிட்டிருக்கறேன். எப்புடிச் சொல்றதுன்னுதான் தெரியலை. முன்னப்பின்னத் தெரியாத ஆளுகிட்ட ஒருக்கா சொல்லிப் பாத்துட்டா அங்க போய்ச் சொல்றது சுலபமா இருக்குமோன்னு தோணுது. உங்களுக்குத் தூக்கம் வந்துச்சுன்னா தூங்கிக்கங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

என்ற பேரு அர்த்தனாரிங்க. பஸ்ஸுல பதினாலு வருசம் கண்டக்டரு, அப்பறம் பதினேழு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டரு. இந்த ரோட்டுல நான் ஏறி எறங்காத ஸ்டாப்பிங்கே கெடையாது. டிக்கெட் எடுக்காதவனை மொகத்தைப் பாத்தே சொல்லிப்போடுவேன். நம்மளைப் பாத்ததும் திடீர்னு தூங்கிப்போறவன் ஒரு ரகம். கேக்கறதுக்கு முன்னாலயே டிக்கெட்டை நீட்டி, நம்ம கண்ணையே பாத்துட்டு நிக்கறவன் இன்னொரு ரகம், அவன் ரெண்டு ஸ்டாப்பிங்குக்கு முன்னாலயே எறங்கியிருக்க வேண்டியவன். அளவுக்கு மீறி ஒழுங்கா இருக்கறவனைத்தான் சந்தேகப்படோணும். இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, ஏமாத்தறவன் எங்க கோட்டை விடுவான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நான் ஏமாத்தினப்ப என்னை ஒருத்தருனாலயும் புடிக்க முடியலை.

சர்க்கரை எனக்குப் பதிமூணு வருசமா இருக்குதுங்க. கூடவே கொழுப்பு. சர்க்கரைக்கு மாத்திரை, கொழுப்புக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பறம் ஒரு மாத்திரை. அந்த ராத்திரி மாத்திரையை நான் ஒழுங்கா போட்டதே இல்லை. நெனப்பு வந்தாப் போடுவேன். சர்க்கரை கூடுனா தலை கிர்ருங்குது, காலு எரியுது, தெரிஞ்சுபோகுது. கொழுப்பு கூடுனா ஒண்ணுந் தெரியறதில்லையே. தெரியாததுக்கு எவன் மாத்திரை போடுவான்?

ரெண்டு வருசத்துக்கு முன்னால, கோயமுத்தூரு மெடிக்கல் காலேஜுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனப்பத்தான் அந்தப் புள்ளையைப் பாத்தேன். டாக்டர் பெனிட்டா. நாகர்கோயிலுப் பக்கத்துப் பொண்ணு, பெரிய படிப்புக்காக இங்க வந்திருந்துச்சு. ஒல்லியா, பள்ளிக்கோடத்துப் புள்ளையாட்ட இருக்கும். சர்க்கரைக்காரங்களுக்குத் துத்தநாகச் சத்து குடுத்தா கொழுப்பு கொறையுமான்னு ஒரு ஆராய்ச்சி. அதை எழுதிக் குடுத்தாத்தான் அதுக்குப் படிப்பு முடியுமாமா. எம்பது பேரு வேணும். நாப்பது பேருக்கு நெசமான கேப்சூல், நாப்பது பேருக்கு வெறும் மாவு அடைச்ச கேப்சூல். பாக்க ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும். யாருக்கு எதுன்னு அந்தப் புள்ளைக்கே தெரியாதாமா. டப்பாவுல நம்பரு மட்டுந்தான். என்ற டப்பா நாப்பத்தொண்ணு.

"ஏனுங்கம்மா, துத்தநாகம்னா வாளிக்குப் பூசுவாங்களே, அதுங்களா?"ன்னு கேட்டேன். அது சிரிச்சுப்போடுச்சு. "அதேதான் ஐயா, ஆனா இது ஒடம்புக்கு வேண்டிய அளவு"ன்னு சொல்லுச்சு. அப்பறம் ஒண்ணு சொல்லுச்சு பாருங்க, அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுச்சு. "ஐயா, இது கூடுதலாத்தான். நீங்க இப்பப் போடற மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. ராத்திரி மாத்திரையையும் நிறுத்தக் கூடாது." சரிங்கம்மான்னு கையெழுத்துப் போட்டேன். அதை நல்லா கேட்டுக்கிட்டேன்னு சொல்றதுக்காகத்தான் இதைச் சொல்றேன். கேக்கலைன்னு நான் சொல்ல முடியாதுங்க.

மொதக் கேப்சூலை அங்கியே முழுங்குனேன். சாப்புட்ட பொறகு போடச் சொல்லித்தான் குடுத்துச்சு. நானு கிறுக்குத்தனமா, ரத்தம் குடுக்கறதுக்காக வெறும் வயித்தோட வந்தவன், அப்புடியே தண்ணியைக் குடிச்சு முழுங்கிட்டு ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். அன்னூரு தாண்டுச்சு. வயித்துக்குள்ள ஒரு பொரட்டு. சன்னலுக்குத் தலையை நீட்டறதுக்குள்ள பஸ்ஸுக்குள்ளயே வாந்தி எடுத்துப்போட்டேன். முன் சீட்டுல இருந்த அம்மாவோட சேலை மேலயெல்லாம். கண்டக்டரு வந்தான். எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். "சார், நீங்களா?"ன்னான். ஒரு வாளி மண்ணைக் கொண்டாந்து கொட்டுனான். நானு வாந்தியெடுக்கறவங்களைப் பின்னாடி சீட்டுக்குப் போகச்சொல்லி எத்தனை அதட்டு அதட்டியிருப்பேன். முப்பத்தோரு வருசத்து மரியாதை அந்த மண்ணுக்குள்ள போச்சு.

அதுக்கப்பறம் அந்த டப்பாவைத் தொறந்தாலே எனக்குக் கொமட்டும். தொடவே இல்லீங்க.

அடுத்த மாசம் போனேன். நெசத்தைச் சொல்லிரலாம்னுதான் போனேன். அந்தப் புள்ளை மொகம் வாடி உக்காந்திருக்குது. ஏனுங்கம்மான்னு கேட்டா, ஏழு பேரு பாதியில நின்னுட்டாங்களாமா. ஒருத்தரு வயித்து வலிங்கறாரு, ஒருத்தரு அம்பது மைலு வந்துபோக முடியாதுங்கறாரு. இன்னும் நாலு பேரு நின்னா ஆராய்ச்சியே செல்லாதாமா, இன்னொரு வருசம் இங்க கெடக்கோணுமாமா. "நீங்களாவது ஒழுங்கா போடறீங்களா ஐயா? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டுச்சு. கண்ணுல தண்ணி நிக்குது. நான் என்ன சொல்லட்டும்? "நெம்ப நல்லா ஒத்துக்குதுங்கம்மா"ன்னு சொல்லிப்போட்டேன்.

அங்க புடிச்ச கெரகந்தானுங்க.

மாசாமாசம் டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கோணும். மிச்சம் எத்தனை கேப்சூல் இருக்குதுன்னு அது எண்ணி எழுதிக்கும். நானு கொத்துக் கொத்தாச் சாக்கடையில கொட்டிப்போட்டு, டப்பாவுல ரெண்டு மட்டும் விட்டு வெப்பேன். ஒரு மாசம் மூணு. ஒரு மாசம் ஒண்ணு. "ஒரு கலியாணத்துக்குப் போயிட்டனுங்கம்மா, அன்னைக்கு மறந்துட்டேன்"னு தலையைச் சொறிவேன். காலி டப்பாவை நீட்டியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். அந்தப் புள்ளை என்ற பேருக்கு நேரா "மிகவும் ஒழுங்கானவர்"னு எழுதுச்சு. தலைகீழா நானே படிச்சேன்.

ஆனா வெசனமில்லாம இல்லீங்க. அது நம்மளை நம்புது, நாம அதை ஏமாத்தறோம்னு உறுத்திட்டே இருந்துச்சு. அந்த ஒண்ணைத்தான முழுங்க முடியலை, அது சொன்ன மத்ததையெல்லாம் செஞ்சிரலாம்னு முடிவு பண்ணுனேன். வெடியால எந்திரிச்சு வாய்க்கா ஓரமா ஒரு மணி நேரம் நடை. கறி மாசத்துக்கு ஒருக்கா. நோம்பிக்கு ஒப்புட்டு, கச்சாயம்னு பலகாரத்துல வீடு மணக்கும், ஒண்ணைத் தொட மாட்டேன். ராத்திரி மாத்திரையை ஒரு நாளும் விடலை. மணி அடிச்சாப்புல போட்டேன். என்ற சம்சாரம் வசந்தாமணி, "அந்த டாக்டரு புள்ளை என்ன மந்திரம் போட்டுச்சோ"ன்னு ஆச்சரியப்பட்டுப்போனா.

ஆறு மாசங் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. எரநூத்தி அம்பத்தி ரெண்டு இருந்த கொழுப்பு நூத்தி அறுபத்தி எட்டுக்கு வந்துருச்சு. அந்தப் புள்ளைக்குச் சந்தோசம் தாங்கலை. சீலு வெச்ச கவரைப் பிரிச்சுப் பாத்தா, நாப்பத்தொண்ணு நெசமான துத்தநாக டப்பாவாமா. "உங்களுக்குத்தான் ஐயா இருக்கறதுலயே நல்லா கொறைஞ்சிருக்கு"ன்னு சொல்லுச்சு. எனக்கு அப்புடியே தரைக்குள்ள போயிறலாமாட்ட இருந்துச்சு.

அப்பவே சொல்லியிருக்கலாம். அந்தப் புள்ளையோட படிப்பு போயிருமேன்னுதான் சொல்லலை. நானு என்ற நல்லதுக்கு ஒண்ணும் மறைக்கலீங்க, அதை நீங்க புரிஞ்சுக்கோணும்.

அப்பறம் ஒரு விழா. சர்க்கரை நோய் விழிப்புணர்வுன்னு காலேஜுல ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. என்னையும் கூப்புட்டாங்க. நடக்கறதைப் பத்தியும் மாசாமாசம் ரத்தம் பாக்கறதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேசுங்க, கேப்சூலைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம், முடிவு இன்னும் எழுதலைன்னு அந்தப் புள்ளை சொல்லித்தான் மேடைக்கு அனுப்புச்சு. பொன்னாடை போத்துனாங்க. எனக்கு ரிட்டயருமென்ட்டுக்குக்கூட யாரும் பொன்னாடை போத்தலீங்க. எதுத்தாப்புல முந்நூறு பேரு. மைக்கைப் புடிச்சனுங்க. நாக்கு என்ற பேச்சைக் கேக்கலை. "இந்தக் கேப்சூல்தான் எனக்கு மறுபடியும் உசுரு குடுத்துச்சு"ன்னு சொல்லிப்போட்டேன். கை தட்டறாங்க தட்டறாங்க, அப்புடித் தட்டறாங்க. அந்தப் புள்ளை மட்டும் தட்டலை, உதட்டைக் கடிச்சிட்டு நின்னுச்சு.

எவனோ ஒருத்தன் அதைப் படம் புடிச்சு வாட்சப்புல விட்டுட்டான். அவன் சும்மா இருந்திருந்தா இத்தனை தூரம் வந்திருக்காது. எங்க ஒறம்பரை, சொந்தக்காரங்க குரூப்புக்கும் வந்துருச்சு. மச்சான் பாத்துட்டாரு.

மச்சானைப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். பன்னெண்டு ஏக்கரா மஞ்சக் காடு, நூத்தம்பது தென்னை. பொண்ணு பாக்கப் போனப்ப, "பஸ்ஸுல ஏறி எறங்கறவனுக்கா என்ற தங்கச்சி?"ன்னு என்ற காதுபடவே கேட்டவரு. குடுக்கறதைக் குடுத்தாரு, நான் இல்லைன்னு சொல்லலை. சீரு செனத்தியில கொறை வெச்சதில்லை. ஆனா முப்பத்தி நாலு வருசமா எந்த விசேசத்துலயும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு பேரு உக்காந்து பேசிட்டிருப்பாங்க, நான் போனா, "வாங்க மாப்ள, சாப்புட்டீங்களா?"ம்பாரு. சாப்புட்டேன்னு சொன்னா அதோட பேச்சு முடிஞ்சுது. திரும்பி அவங்களோட பேசிட்டிருப்பாரு.

அந்த மனுசன் அன்னைக்கு எனக்குப் போன் பண்ணுனாருங்க. அவரா போன் பண்ணுனது அதுதான் மொதத் தடவை. "மாப்ள, உங்களை மேடையில பாத்தேன். நல்லாப் பேசுனீங்க"ன்னாரு. அவருக்கும் சர்க்கரை, கொழுப்பு, எல்லாம் உண்டு. அவரு கேட்டாரு, "மாப்ள, இந்த ராத்திரி மாத்திரை போட்டா எனக்குக் கெண்டைக்கால் கவ்விப் புடிக்குது. உங்க கேப்சூல் ஒண்ணு மட்டும் போட்டாப் போதுமா? நீங்க என்ன சொல்றீங்க?"

நீங்க என்ன சொல்றீங்க. முப்பத்தி நாலு வருசத்துல மொதத் தடவையா எங்கிட்டக் கேக்கறாரு.

நான் சொன்னேன், "எனக்கு இது ஒண்ணே போதுமா இருக்குதுங்க மச்சான்."

ராத்திரி மாத்திரையை நிறுத்துங்கன்னு நான் சொல்லலீங்க. அந்த வார்த்தை என்ற வாயில வரலை. எனக்குப் போதும்னுதான் சொன்னேன். ஆமாங்க, ரெண்டும் ஒண்ணுதான். நீங்க அப்புடிப் பாக்க வேண்டாம், ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்கே தெரியுது.

அன்னையிலிருந்து பாருங்க, என்ற மருவாதியே வேற. மாசத்துக்கு ஒருக்கா மருந்துக்கடையில துத்தநாகக் கேப்சூல் வாங்கிட்டு அவரு தோட்டத்துக்குப் போவேன். நான் உக்காரக் கட்டலை எடுத்துப் போடச்சொல்லுவாரு. எளநி வெட்டச் சொல்லுவாரு. அவரு பொண்ணுக்கு வரன் பாத்தப்பக்கூட, "மாப்ள என்ன சொல்றாருன்னு கேட்டுக்கலாம்"னு நாலு பேரு முன்னால சொன்னாரு. பதினஞ்சு மாசம் இப்புடியே போச்சு. அவரு ரத்தம் பாக்கவும் இல்லை. "உங்களுக்குக் கொறைஞ்சுதுல்ல, எனக்கும் கொறைஞ்சிருக்கும்"னுட்டாரு. பன்னெண்டு ஏக்கரா வெச்சு ஆளற மனுசன், ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாக்க வேண்டாமுங்களா? எல்லாத்தையும் நம்ம தலையிலயே போட்டா எப்புடி?

ஒவ்வொரு மாசமும் சொல்லிரலாம்னுதான் போவேன். எளநியைக் குடிச்சிட்டு வந்துருவேன்.

இது எந்த ஊருங்க, அன்னூரு தாண்டிட்டமா? தாண்டியாச்சு.

நெஞ்சுவலி வந்த அன்னைக்கு ஓடுனேன். ஐசியூவுக்கு வெளியவே நின்னேன். ரெண்டு நாள் கழிச்சு வார்டுக்குக் கொண்டாந்தாங்க. சொல்லிரோணும்னு போனேன். என்னைப் பாத்ததும் பக்கத்துப் படுக்கைக்காரங்களுக்கெல்லாம் காட்டுனாரு. "இவருதான் என்ற மாப்ள. இவரு குடுத்த மருந்து உள்ள இருந்ததுனாலதான் நான் பொழைச்சேன்." அவரு கையாலயே ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாரு. தின்னுட்டு வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு மறுபடி போனேன். அன்னைக்கு நர்சம்மா வந்து கொழுப்பு மாத்திரையைக் குடுக்குது. வாயில போட்டுட்டு, அது அக்கட்டால போனதும் கையில துப்பி, தலகாணிக்கடியில வெச்சுட்டு என்னைப் பாத்துக் கண்ணடிக்கறாரு. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. மச்சானைப் பாத்து மனசு தாங்காம அழுகறேன்னு வசந்தாமணி நெனைச்சுக்கிட்டா.

முந்தாநாளு பெனிட்டாம்மாவுக்குப் போன் பண்ணுனேன். நம்பரு இன்னும் வெச்சிருந்தேன். அந்தப் புள்ளையோட படிப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கப்பறம் மச்சானுகிட்டச் சொல்லலாம்னு ஒரு ஓசனை. எல்லாத்தையும் சொன்னேன். சாக்கடையில கொட்டுனது, ரெண்டு மூணு மிச்சம் வெச்சது, எல்லாம். முழுசும் கேட்டுக்குச்சு. அப்பறம் சொல்லுச்சு, "நான் பாஸ் பண்ணி ஒரு வருசம் ஆச்சு ஐயா. எம்பது பேருல நாலஞ்சு பேரு போட்டிருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் நாங்க கணக்குப் போடுவோம். உங்க ஒருத்தரால என் ஆராய்ச்சி கெடாது. என் சாருகிட்ட நான் சொல்லிக்கறேன். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க எனக்கு ஏன் போன் பண்றீங்க? உங்க மச்சானுக்குல்ல பண்ணணும். இன்னைக்கே பண்ணுங்க."

இன்னைக்கேன்னு சொல்லுச்சு. அது முந்தாநாளு.

ஆமாங்க, ஒரு வருசத்துக்கு முன்னாலயே பாஸ் பண்ணிருச்சு. எனக்கெப்புடித் தெரியும்? கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்கறீங்களா. சரிதானுங்க, கேக்கலை. கேட்டா, சொல்லாம இருக்கறதுக்கு ஒரு காரணம் இல்லாமப் போயிருமில்ல. இப்பப் பாருங்க, போயிருச்சு. இப்ப மிச்சமிருக்கறது அந்தக் கட்டலும் எளநியுந்தான். ஒரு மனுசனோட உசுரை விட எனக்கு அது பெருசாப் போச்சு. நெனைச்சா என்ற மேல எனக்கே அருவருப்பா இருக்குதுங்க.

காத்தால வசந்தாமணி போன் பண்ணுனா. அவதான் அண்ணனுக்குத் தொணையா ஆசுபத்திரியில இருக்கறா. தலகாணியை மாத்தறப்ப மாத்திரையெல்லாம் உருண்டு கீழ விழுந்திருக்குது. டாக்டரு வந்து சத்தம் போட்டாராமா. "இந்த மாத்திரை இல்லைன்னா இருக்கற அடைப்பு பெருசாகும். அடுத்த தடவை இங்க கொண்டாந்து சேக்கறதுக்கு நேரம் இருக்குமான்னு நான் சொல்ல முடியாது"ன்னுட்டாராமா. அதுக்கு மச்சான் என்ன சொன்னாரு தெரியுங்களா? "என்ற மாப்ள வரட்டும். அவரு சொன்னா முழுங்கறேன்"னாராமா.

அதான் கெளம்பி வந்துட்டேன்.

என்னங்க? இந்த அட்டைப்பொட்டிங்களா? அது வந்துங்க... அதுல கேப்சூல்தான் இருக்குது. போன வாரமே தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்கன்னு மச்சான் சொல்லிவிட்டிருந்தாரு. சொல்லப் போறவன் எதுக்கு வாங்கிட்டுப் போறேன்னு கேக்கறீங்க. ஒடம்பு சரியில்லாதவங்களைப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போக முடியுங்களா? ஆரஞ்சு, ஆப்பிளு வாங்கிருக்கலாம். வாங்கிருக்கலாந்தான். பஸ்ஸ்டாண்டுல பழக்கடை தொறந்துதான் இருந்துச்சு. நான் பாத்துட்டேதான் வந்தேன்.

சரவணம்பட்டி வந்துருச்சு. இன்னும் அரை மணி நேரந்தான்.

இத்தனை நேரம் பொறுமையாக் கேட்டீங்க, நெம்ப சந்தோசமுங்க. சொன்னதுல நெஞ்சு கொஞ்சம் லேசாயிருக்குது. என்னங்க? பேனாவா? இருக்குதுங்க, எதுக்கு?

உங்க சம்சாரத்துக்கா. அவங்களுக்கும் சர்க்கரைங்களா. ராத்திரி மாத்திரை போட்டா அவங்களுக்கும் காலு இழுக்குதுங்களா.

ஏனுங்க, நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிட்டு வந்தேன்? சத்தியமங்கலத்துலயிருந்து இது வரைக்கும் என்னதான் கேட்டீங்க? அந்தக் கேப்சூல் பேரை எழுதிக் குடுங்கறீங்களே. எனக்குக் கொறைஞ்சது அதனால இல்லீங்க. நான் அதைப் போடவே இல்லீங்க. "இருந்தாலும், உங்களைப் பாத்தா நல்லா இருக்கறீங்க"ன்னா சொல்றீங்க? ஆமா, நல்லாத்தான் இருக்கறேன். அதுதானே சனியன். நான் கல்லாட்ட உக்காந்திருக்கறதைப் பாத்துத்தான் அந்த மனுசனும் நம்புனாரு.

வேண்டாங்க. எழுதித் தர மாட்டேன். காலு இழுக்குதுன்னா அதை டாக்டரு கிட்டச் சொல்லச் சொல்லுங்க, வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. அவங்களா நிறுத்த வேண்டாமுன்னு சொல்லுங்க. எங்க மச்சானுக்கு அன்னைக்கு நான் இதைச் சொல்லியிருந்தாப் போதும். இந்த ரெண்டு வார்த்தைதான். எத்தனை சுலபமா வருது பாருங்க, உங்ககிட்ட.

எங்க எந்திரிக்கறீங்க? காந்திபுரம் இன்னும் வரலீங்க. உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களைத் திட்டலை. நீங்க இங்கியே இருக்கோணும். நேருல போனா நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியும். அவரு ஆரஞ்சு உரிப்பாரு, நான் திம்பேன். நீங்க பாத்துட்டே இருங்க, நான் இப்பவே போன் போடறேன். நான் பேச்சை மாத்துனா என்ற தொடையில ஒண்ணு போடுங்க.

ரிங்கு போகுது.

மச்சான். நானுங்க, அர்த்தனாரி. வந்துட்டே இருக்கறனுங்க, சரவணம்பட்டி தாண்டிட்டேன். சாப்புட்டேன். சாப்புட்டேனுங்க மச்சான், அது கெடக்கட்டும். நான் ஒண்ணு சொல்லோணும், நடுவுல பேசாமக் கேளுங்க. அந்தக் கேப்சூலை நான் போடலீங்க. ஒரு நாளும் போடலை. மொத நாள் ஒண்ணு முழுங்குனேன், அதையும் வாந்தியெடுத்துட்டேன். மீதியெல்லாம் சாக்கடையில கொட்டிட்டனுங்க. மேடையில சொன்னது பொய்யி. உங்ககிட்டச் சொன்னதும் பொய்யி.

இல்லீங்க, வெளையாடலை. வசந்தாமணி தலை மேல சத்தியமா.

ஆமாங்க, கொழுப்பு கொறைஞ்சது நெசந்தான்.

எதனாலயா. நடந்தேன். வாயைக் கட்டுனேன். அப்பறம் ராத்திரி மாத்திரைங்க. ஒரு நாள் விடாமப் போட்டேன், இப்பவும் போட்டுட்டுத்தான் இருக்கறேன். ஆமாங்க மச்சான், அதேதான். நீங்க போனுல கேட்டீங்களே, நிறுத்தட்டுமான்னு. அதே மாத்திரை. அதை முழுங்குங்க மச்சான்.

மச்சான்?

அவரு கட் பண்ணலீங்க. மூச்சு விடற சத்தம் கேக்குது.